அணுமின் நிலையம் வருகுதென்றால் 30 நாளுக்குள் என்ன செய்யலாம்?

இலங்கையில் இன்று அணுமின் நிலையம் இல்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. 2022 இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று வந்து நாட்டின் ஆயத்தத்தைப் பார்த்துவிட்டுப் போனது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கடற்கரையோரம் இருக்கிற நாம் இடத்தை அறிவிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும்.

சுற்றாடல் அனுமதி பெறவேண்டிய திட்டங்களின் 1993 வர்த்தமானிப் பட்டியலில் அணுமின் நிலையமும் இருக்கிறது, அதனால் சுற்றாடல் மதிப்பீடு இல்லாமல் கட்ட ஏலாது; இவ்வளவு பெரிய திட்டத்துக்கு முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத்தான் எதிர்பார்க்கவேண்டும். அது தயாரானதும் வர்த்தமானியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மொழிக்கு ஒரு பத்திரிகையிலும் அறிவித்தல் வரும், அன்றிலிருந்து கருத்துச் சொல்ல 30 நாள்தான். நூற்றுக்கணக்கான பக்கத்தை அதற்குள் தனியாக வாசிக்க ஏலாது. மீனவர் சங்கம், விவசாயிகள் சங்கம், ஆசிரியர்கள் என்று இப்போதே ஐந்தாறு பேர் சேர்ந்து யார் எந்தப் பகுதியை வாசிப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது, 'வேண்டாம்' என்று நூறு பேர் கையொப்பம் வைப்பதைவிட, பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வி பலமானது. ஏனென்றால் எழுத்தில் போகும் கருத்துகள் திட்டக்காரரிடம் அனுப்பப்படும், அவர்கள் எழுத்தில் பதில் தரவேண்டும். உலையில் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரமாவதில்லை, கடல்நீரில் குளிரவைத்தால் அது கடலுக்குத்தான் போகும்: எத்தனை பாகை சூட்டில், கரைவலை இழுக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில்? பயன்படுத்திய எரிபொருளை எங்கே, எத்தனை வருடம் வைப்பார்கள்? ஒன்று நடந்தால் எழுவான்கரைச் சனம் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பவர்கள்) எந்தப் பாலத்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போகும், வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதையில் (மிதவைப் படகில்) ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறலாம்? சுனாமியன்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் நாம், இந்தக் கேள்வியை நம்மைவிட நன்றாக யாரும் கேட்கமாட்டார்கள்.

மக்கள் நேரில் கருத்துச் சொல்லும் பகிரங்க விசாரணை தானாக வராது. பொதுநலனுக்குத் தேவை என்று அனுமதி கொடுக்கும் நிறுவனம் நினைத்தால்தான் வைக்கும், ஆகவே அதே கடிதத்தில் காரணத்தோடு கேளுங்கள், தமிழில் நடத்தவும் கேளுங்கள்.

அறிவித்தலுக்கு முன்னரே ஒன்று செய்யலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எந்த இடங்கள் பரிசீலிக்கப்படுகின்றன என்று இலங்கை அணுசக்திச் சபையிடம் தமிழிலேயே கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், மேன்முறையீட்டுக்கு அந்தத் திகதி வேண்டும்.