செம்மண் தரை டெனிஸைப் பார்க்கப் பழகும் முறை

செம்மண் தரையில் ஆடப்படும் மொன்டே கார்லோ மாஸ்டர்ஸ் டெனிஸ் சுற்றுப்போட்டி ஏப்ரலில் நடைபெறுவதால், சில ஆண்டுகளில் அது நமது சித்திரைப் புத்தாண்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. அந்த மாதத்தில் மொனாக்கோ நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணித்தியாலம் பிந்தியது; அங்கே முற்பகல் 11 மணி என்றால் திருகோணமலையில் பிற்பகல் 2.30. வெளியே இறங்க முடியாத அந்த வெயில் நேரத்தில் வீட்டுக்குள் இருந்து பார்க்க இதைவிடத் தோதான சுற்றுப்போட்டி எனக்குத் தெரியவில்லை.

பார்க்கத் தொடங்குமுன் ஒருநாள் மாலையில் பழைய டெனிஸ் பந்தொன்றை டச் பே கடற்கரைக்கு எடுத்துச் செல்லுங்கள். அலை நனைத்து இறுகிய மணலில் அதைச் சாய்வாக எறிந்தால் முட்டை வடிவில் தடம் பதியும். காய்ந்த மணலிலோ பந்து புதைந்து நின்றுவிடும். செம்மண் தரையின் சூட்சுமமும் ஈரத்தில்தான் இருக்கிறது. இறுக்கிய சுண்ணாம்புக்கல் படையின் மேல் ஓரிரு மில்லிமீற்றர் கனத்துக்குச் செங்கல் தூள் தூவி, அது பறக்காதபடி அடிக்கடி தண்ணீர் தெளிப்பார்கள். அந்தத் தூளில் உரசும் பந்து வேகம் குறைந்து உயர எழும்.

ஆகவே பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாமல் வீரரின் கால்களைக் கவனியுங்கள். மேற்சுழற்சியோடு, அதாவது முன்னோக்கிச் சுழன்று, வரும் பந்து தோள் உயரத்துக்கு எழும்போது எதிராளி பின்வாங்குகிறார். அவர் எல்லைக்கோட்டுக்கு வெகுதூரம் பின்னே போனதும், வலைக்கு அருகே மெதுவாக விழும் ட்ரொப் ஷொட் வரலாம் என்று காத்திருங்கள். ரஃபேல் நடால் 2005 முதல் 2012 வரை தொடர்ந்து எட்டு முறையும், மொத்தம் 11 முறையும் இங்கே பட்டம் வென்றதில் அவருடைய இடக்கை ஃபோர்ஹேண்டுக்குப் (மட்டை பிடிக்கும் கைப்பக்கத்து அடி) பெரும் பங்குண்டு. வலக்கை வீரர்களின் பேக்ஹேண்ட் பக்கம் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம்) தோளுக்கு மேலே எழுந்த அந்தப் பந்தைச் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது.

தடத்தை வாசிப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். கோட்டில் ஒரு பகுதி பட்ட பந்தின் தடம் மண்ணில் முழுமையாகத் தெரியாது, கோட்டோடு ஒட்டி அறுந்ததுபோல் நிற்கும். முழு முட்டை வடிவமும் கோட்டுக்கும் அதற்கும் இடையில் சிறு இடைவெளியும் தெரிந்தால் பந்து வெளியே. முன்பு நடுவர் இருக்கையிலிருந்து இறங்கிவந்து தடத்தைப் பார்ப்பார். 2025 முதல் ஏடிபி எனும் ஆண்கள் தொழில்முறை டெனிஸ் சங்கத்தின் போட்டிகளில் மின்னணுக் கருவியே முடிவு சொல்கிறது. தூள் தடித்திருக்கும் இடத்தில் தடம் பெரிதாகப் பதிவதால், கண்ணும் கருவியும் சிலவேளை முரண்படும்.

ஒற்றையர் பிரிவில் 56 பேர். தரவரிசைப்படுத்தப்பட்ட முதல் எட்டு வீரர்கள் இரண்டாம் சுற்றிலேயே நுழைகிறார்கள். அங்கே அவர்களைச் சந்திப்பவர் ஏற்கனவே ஓர் ஆட்டம் ஆடி அந்த மண்ணோடு பழகியிருப்பார். அந்த ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்து, ஒவ்வொரு நீண்ட புள்ளியிலும் முதலில் பின்வாங்கியவர் யார் என்று குறித்து வாருங்கள்.