பக்கத்து வீட்டுக் கட்டுமானத்துக்கு ஆட்சேபம் எழுதும் முன்

இங்கிலாந்தில் வீட்டை விரிவாக்கவோ புதிதாகக் கட்டவோ விண்ணப்பம் வரும்போது, எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ணிப் பார்த்து உள்ளூராட்சி மன்றம் முடிவெடுப்பதில்லை. 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின்படி, திட்டமிடல் தொடர்பான தக்க காரணங்கள் வேறுவிதமாகச் சுட்டினாலன்றி, அப்பகுதிக்கென வகுக்கப்பட்ட அபிவிருத்தித் திட்டத்துக்கு இணங்கவே அது தீர்மானிக்க வேண்டும். ஆகவே, ஒரே வாசகத்தில் நூறு பேர் கையொப்பமிட்டு அனுப்புவதைவிட, அத்திட்டத்தின் எந்தக் கொள்கைக்கு அந்தக் கட்டடம் முரணாக உள்ளது என்று சுட்டிக்காட்டும் ஒரு கடிதமே வலுவானது.

வெளிச்சம் தடைபடுதல், அந்தரங்கம் கெடுதல், போக்குவரத்து, வாகனத் தரிப்பிடம், கட்டடத்தின் பருமனும் தோற்றமும் ஆகியவை கருத்தில் கொள்ளப்படும். சொத்தின் மதிப்புக் குறையும், சன்னல் வழியே தெரியும் காட்சி மறையும் என்ற வாதங்கள் பொதுவாக எடுபடுவதில்லை; ஆனால் பலரும் இவற்றைத்தான் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார்கள். எல்லைச் சுவர்த் தகராறும் அப்படித்தான், அதற்கு இடம் வேறு.

கருத்துத் தெரிவிக்க வழக்கமாக 21 நாள்கள் கிடைக்கும். சிறிய விண்ணப்பங்களில் மன்றம் முடிவெடுப்பதற்கான சட்டபூர்வக் கெடு 8 வாரங்கள். பெரும்பாலானவற்றை மன்ற உறுப்பினர்களின் குழுவன்றி அதிகாரிகளே முடிவுசெய்வதால், விண்ணப்பம் குழுவின் முன் வர வேண்டுமென விரும்பினால் உங்கள் வட்டார உறுப்பினரைத் தொடக்கத்திலேயே அணுகுங்கள். மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்துவிட்டால் அண்டை வீட்டாருக்கு அந்த உரிமை இல்லை. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நீதிமன்ற மறுஆய்வு மட்டுமே மிஞ்சும், அதையும் 6 வாரங்களுக்குள் கோர வேண்டும்.