புள்ளியியல் பயிலும் ஆசிரியர்களுக்கு: ஐந்து மதிப்பெண்களில் ஒரு பயிற்சி

பணியில் இருந்துகொண்டே எம்.எட். பயிலும் ஆசிரியர்கள் பலருக்கும் திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அளவு) என்ற பாடத்தில்தான் முதல் தயக்கம் வருகிறது. கணினியில் விரிதாளைத் திறப்பதற்கு முன் 40, 50, 60, 70, 80 என்ற ஐந்து மதிப்பெண்களை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சராசரி 60; ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டினால் 1000. அதை 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 14.14 என்றும், 4 ஆல் வகுத்தால் 15.81 என்றும் விடை கிடைக்கும். அந்த ஐவரே உங்கள் வகுப்பு முழுவதும் என்றால் முதல் விடையும், பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் இரண்டாவது விடையும் பொருந்தும். எக்செல்லில் திட்டவிலக்கச் சார்புகளின் முடிவில் உள்ள 'பி', 'எஸ்' என்ற எழுத்துகள் முறையே இந்த இரண்டையே குறிக்கின்றன. கையால் ஒருமுறை கணக்கிட்டவர்களுக்கு இதில் குழப்பம் வருவதில்லை.

இதே தரவை ஊடகப் பாடத்துக்காகக் காணொளியாகவோ படமாகவோ மாற்றும்போது, பட்டை விளக்கப்படத்தின் செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 62, 66 என்ற இரு சராசரிகளை 60 இல் தொடங்கும் அச்சில் வரைந்தால், ஒரு பட்டை மற்றதைப் போல மூன்று மடங்கு உயரமாகத் தோன்றும். மென்பொருள் தானாகவே அப்படி வரைந்துவிடுவதும் உண்டு. திரையைப் பதிவு செய்யும் முன், மாணவர் பெயர்கள் உள்ள நெடுவரிசையை மறைப்பதைவிட, அதை நீக்கிய தனிப்படி ஒன்றைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.