குளியலறையிலிருந்து தொடங்கும் சிகிச்சை: ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு

மருத்துவமனை வாசலில் நின்று ‘ஓ.டி. எங்கே இருக்கிறது’ என்று கேட்டால், பெரும்பாலானோர் ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் திசையைத்தான் காட்டுவார்கள். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று முழுப்பெயரைச் சொன்னாலோ அதைத் தொழிற்பயிற்சி என்று புரிந்துகொண்டு, ‘நாலு வயசுப் புள்ளைக்கு என்னங்க தொழில் சொல்லித் தரப் போறீங்க’ என்று கேட்கும் தாத்தாக்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பல் துலக்குவது, சட்டை போடுவது, சோற்றைப் பிசைந்து உண்பது, விளையாடுவது, பள்ளிக்குப் போவது, பேருந்தில் ஏறி இறங்குவது என்று ஒருவருடைய நாளை நிறைக்கும் செயல்கள் எல்லாமே இந்தச் சிகிச்சையில் ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் அடங்கும்.

கடலூரிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பயணம் செய்து, வாரத்தில் ஓரிரு நாள் புதுச்சேரியில் ஓர் அமர்வுக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய்மார் பலரைச் சிகிச்சையாளராக நான் சந்தித்திருக்கிறேன். வாரத்தின் 168 மணி நேரத்தில் மையத்தில் கழிவது ஒன்றோ இரண்டோதான். பிள்ளை குளிப்பதும் உண்பதும் உறங்குவதும் வீட்டில். ஆகவே அமர்வின் பெரும்பயன், பெற்றோர் அங்கே கற்று வீட்டுக்குக் கொண்டுபோகும் முறையில்தான் இருக்கிறது. கதவுக்கு வெளியே பெற்றோரை உட்காரவைத்துவிட்டு உள்ளே என்ன நடந்தது என்று சொல்லாமல் அனுப்பும் மையம், எத்தனை வண்ண ஊஞ்சல்களை வைத்திருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்கிறது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

எதையும் மாற்றுவதற்கு முன்பு இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள். பிள்ளை அலறியது என்று மட்டும் எழுதினால் போதாது. மணி என்ன, இடம் எது, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, என்ன சத்தம் அல்லது வாசனை இருந்தது, கடைசியாகப் பசியாறியது எப்போது, எது செய்தபின் அடங்கியது என்பவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். ‘பஸ்ஸுன்னாலே அழுவான்’ என்று சொல்லும் குடும்பத்தின் நோட்டில், அழுகை தொடங்குவது பேருந்துக்குள் அன்று, காற்றொலிப்பான் அலறும் பேருந்து நிலையத்தில்தான் என்பது நாலைந்து நாளில் வெளிப்பட்டுவிடும். அப்போது தீர்வும் மாறிவிடுகிறது: ஒலி தடுக்கும் காதுமூடியை நிலையத்துக்குள் நுழையும் முன்பே மாட்டிவிடலாம், அல்லது நிலையத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறலாம்.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்னும் ஐந்து புலன்களை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. உடலின் சமநிலையையும் அசைவையும் அறியும் உட்செவிப் புலன், தசையும் மூட்டும் தரும் அழுத்த உணர்வு, பசி, தாகம், சிறுநீர் முட்டுதல் போன்றவற்றை உள்ளிருந்து அறியும் உணர்வு ஆகிய மூன்றும் இவற்றோடு சேரும். ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு இவற்றில் சில மிகக் கூர்மையாகவும் சில மந்தமாகவும் இருக்கலாம். மிக்சி ஓசைக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் அதே பிள்ளை, முழங்கால் சிராய்த்து ரத்தம் வருவதை உணராமல் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். அமெரிக்கச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் 1970களில் எழுதி நிலைநிறுத்திய, புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்ப்பது பற்றிய புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டிலிருந்துதான் ஊஞ்சல், பந்து, ஏறுபலகை முதலியவை மையங்களுக்குள் வந்தன.

ஒன்றை மறக்க வேண்டாம். திடீரென்று தோன்றிய அலறலுக்கும் தலையை மோதிக்கொள்வதற்கும் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்றவை காரணமாக இருக்கலாம். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு முதலில் மருத்துவர், பிறகுதான் நோட்டு.

ஒரு செயலைப் பிரித்துப் பார்த்தல்

குளியலை எடுத்துக்கொள்வோம், எங்கள் பகுதியில் அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். நமக்கு அது ஒரே செயல். பிள்ளைக்கோ வாளியில் நீர் விழும் எதிரொலி, காலுக்கடியில் குளிர்ந்த வழுக்குத் தரை, முகத்தில் எதிர்பாராமல் வழியும் நீர், தலையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது விழுந்துவிடுவோமோ என்னும் பயம், சீயக்காயின் வாசனை, எப்போது முடியும் என்று தெரியாத நிலை என ஆறேழு சங்கடங்கள் ஒன்றாக வருகின்றன. எது வருத்துகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வாளியைப் பிள்ளை உள்ளே வரும் முன்பே நிரப்பிவிடலாம். சுவர் ஓரமாக மணை போட்டு, பாதம் இரண்டும் தரையில் பதியும்படி உட்காரவைக்கலாம். மக்கைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, நீரைப் பாதத்திலிருந்து தொடங்கி மேலே கொண்டுவரலாம். தானே ஊற்றிக்கொள்ளும் நீர், பிறர் ஊற்றும் நீரைவிட எளிதாகத் தாங்கக்கூடியது. தலைக்கு ஊற்றும்போது மடித்த துண்டை நெற்றியில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்க்காமல் நேராக வைத்து, ‘பத்து எண்ணினால் முடிந்தது’ என்று சொல்லி எண்ணுங்கள். பத்துக்குப் பிறகு இன்னும் ஒரு மக் ஊற்றிவிட்டால் அந்த எண்ணிக்கையை அவன் மறுநாள் நம்பமாட்டான். துவட்டும்போது தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள்; மெல்லிய வருடலைவிட உறுதியான அழுத்தத்தைப் பலர் விரும்புகிறார்கள்.

உடை உடுத்தக் கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவது நல்லது. ரப்பர் இடுப்புள்ள கால்சட்டையை நீங்களே தொடைவரை ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுக்கும் வேலையை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது பழகியபின் முழங்காலிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது அவனாகவே இருப்பான். ஒரு நேரத்தில் ஓர் இலக்குப் போதும். பல் துலக்கல், கழிப்பறை, எழுத்து என்று மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கிய வீடுகளில் மூன்றும் நின்றுபோனதையே கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டில் கட்டாயம் வேண்டாம். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை மறுத்து அப்பளத்தையும் முறுக்கையும் மட்டும் கேட்கும் பிள்ளை, நாக்குக்கு ஒரே மாதிரியாக இருப்பதைத் தேடுகிறான். முறுக்கு நேற்றும் இன்றும் ஒன்றுதான். குழம்புச் சோறு ஒவ்வொரு கவளமும் வேறு. சோறும் குழம்பும் தொட்டுக்கொள்ளாமல் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். புதிய பண்டம் தட்டின் ஓரத்தில் இருக்கட்டும், உண்ணவேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். ஏற்கும் உணவுகளின் பட்டியல் சுருங்கிக்கொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பணியின் தொடக்க ஆண்டுகளில், ஈரப் பொருளைத் தொட மறுத்த ஒரு சிறுமியின் விரலைப் பிடித்து நானே வண்ணக் குழைவில் வைத்தேன். பழகிவிடுவாள் என்று நினைத்தேன். அதன்பிறகு மூன்று வாரம் அவள் என் அறை வாசலைத் தாண்டவில்லை. இன்று அந்தச் சூழலில் ஒரு தூரிகையைக் கொடுப்பேன், அல்லது வண்ணத்தை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வெளியிலிருந்து அழுத்தச் சொல்வேன்.

வீட்டில் இருக்கும் கருவிகள்

தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் செயல்கள் பலரைச் சாந்தப்படுத்துகின்றன. குடத்தில் பாதி நீர் தூக்கிவருவது, துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, மளிகைப் பையைச் சுமப்பது எல்லாம் இவ்வகை. வீட்டுப்பாடத்துக்கு அல்லது விருந்தினர் வருகைக்கு முன் பத்து நிமிடம் இவற்றில் ஒன்றைச் செய்யலாம். புடவையில் கட்டிய தூளியில் முன்னும் பின்னும் மெதுவாக ஆடுவது அமைதி தரும், சுழற்றுவது கிளர்ச்சியூட்டும். முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். தூளி கட்டும் கொக்கி பெரிய பிள்ளையின் எடையைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்வதும், அதில் பிள்ளையைத் தனியே விடாதிருப்பதும் அவசியம். எடைச்சட்டை, எடைப்போர்வை ஆகியவற்றை விலை கொடுத்து வாங்க அவசரப்படாதீர்கள். அவற்றின் பயனுக்கான சான்று வலுவாக இல்லை. கடலோரப் புழுக்கத்தில் அவை தொல்லையாகவும் ஆகலாம். சிறு குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஆபத்தும் உண்டு.

கையை உதறுவதையும் உடலை ஆட்டுவதையும் நிறுத்துவது சிகிச்சையின் இலக்கு ஆகாது. பலருக்கு அது தம்மைத் தாமே நிலைப்படுத்திக்கொள்ளும் வழி என்பதை ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எழுதியிருக்கிறார்கள். காயம் ஏற்படுமானால் மட்டும் அதே தேவையை நிறைவேற்றும் வேறு செயலைத் தேடிக்கொடுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்துவதிலும் பயனில்லை.

நாளின் வரிசையைப் படமாக்கி மாட்டுவது எல்லா வயதிலும் உதவும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் வரைந்தாலும் சரி, வீட்டுப் பொருள்களையே கைப்பேசியில் படமெடுத்து அச்சிட்டாலும் சரி. முடிந்த செயலின் படத்தைப் பிள்ளையே கழற்றி ஒரு டப்பாவில் போடட்டும்.

மாசி மகமும் புயலும்

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ மாசி மகத் தீர்த்தவாரிக்குக் குடும்பத்தோடு போக விரும்பினால், முந்தைய வாரமே அமைதியான நேரத்தில் அந்தக் கடற்கரைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். திருவிழாவன்று கூட்டம் சேரும் முன் சென்று, மேளத்திலிருந்து தள்ளி நின்று, பிள்ளை ‘போகலாம்’ என்று காட்டும் அடையாளத்தை முன்பே பேசிவைத்து, அது வந்ததும் கிளம்பிவிடுங்கள். இருபது நிமிடம் நன்றாகக் கழிந்தாலே அந்தப் பயணம் வெற்றி.

நீரை நாடிப் போகும் பிள்ளைகள் இவர்களில் பலர். கடலும் கெடிலமும் பெண்ணையாறும் உள்ள ஊரில் இது விளையாட்டுச் செய்தி அன்று. வாசல் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், சட்டைக்குள் பெற்றோர் கைப்பேசி எண் தைத்த துணி, முடிந்தால் நீச்சல் பயிற்சி ஆகியவற்றை மையத்து இலக்குகளுக்கும் முன்னால் வைக்கிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலும் இக்கரையைக் கடந்தபோது பல வீடுகளில் மின்சாரமும் அன்றாட வரிசையும் ஒருசேரப் போயின. அக்டோபரிலேயே ஒரு பை தயாராக இருக்கட்டும்: ஏற்கும் தின்பண்டம், பழகிய போர்வை, காதுமூடி, மருந்து, அச்சிட்ட படங்கள், டார்ச். மாலையில் அரைமணி நேரம் விளக்கணைத்து விளையாட்டாகப் பழக்கிவிட்டால் இருட்டு புதியதாக இராது.

வளர்ந்தபின்

வயது கூடினாலும் ஓ.டி.க்குத் தேவை இருக்கும், செயல்கள்தான் மாறுகின்றன. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வருவதற்கு ஓராண்டு முன்பே நாப்கினை உள்ளாடையில் ஒட்டி அணியப் பழக்குங்கள். மீசை அரும்பும் பையனுக்கு முதலில் ஓசையில்லாத ரேசரையும், பிறகு அதிரும் டிரிம்மரை அணைத்த நிலையிலும் கன்னத்தில் வைத்துக் காட்டுங்கள். பேருந்தில் சீட்டு வாங்குவது, கடையில் சில்லறை எண்ணுவது, பணியிடத்தில் ஓய்வு கேட்பது எல்லாவற்றையும் மேற்சொன்ன முறையில் படிகளாகப் பிரித்துக் கற்பிக்கலாம். எந்தச் செயலை முதலில் கற்க விரும்புகிறார் என்பதைப் பேச்சாலோ படத்தாலோ அவரிடமே கேட்க வேண்டும்.

சிகிச்சையாளரும் காகிதங்களும்

ஓ.டி.யில் பட்டம் பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். மூன்று மாதத்தில் எந்த இலக்கு, அதை எப்படி அளப்பீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை வரவேண்டும். ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக வாக்களிப்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். குறிப்பாக, இதற்கு ஸ்டெம் செல் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டதன்று என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளிலேயே அடங்கும்.

மதிப்பீட்டுக்கு அரசு மருத்துவமனையின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையோ ஜிப்மரையோ அணுகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் ஓ.டி. உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அரசுத் தாளில் ‘புறவுலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்று அச்சாகியிருப்பதைக் கண்டு மனம் உடைய வேண்டாம். அது அலுவலக மொழி மட்டுமே, உங்கள் பிள்ளையின் வருணனை அன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பது குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது: கடலூர்க்காரர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும், புதுச்சேரிக்காரர் சமூக நலத்துறையையும் நாட வேண்டும். அந்த அட்டை கைக்கு வந்தபின், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான அந்தக் காப்பில் தெரபிச் செலவுக்கும் இடமுண்டு. 18 வயது நிறைந்தபின் சட்டப்படியான பாதுகாவலர் தேவைப்பட்டால், ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்கலாம்.

முதல் அமர்வுக்குப் போகும்போது, முந்தைய அறிக்கைகளோடு அந்த நோட்டையும், வீட்டுக் குளியலறையையும் சாப்பிடும் இடத்தையும் எடுத்த இரண்டு மூன்று படங்களையும் கொண்டுபோங்கள். பிள்ளையை அதிகநேரம் பார்த்துக்கொள்பவர் ஆயா என்றால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மணை எங்கே கிடக்கிறது, எந்த வாளி சத்தம் போடும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.