தேங்காயை நெற்றியில் கட்டிப் பாருங்கள்: விலையுயர்ந்த ஹெட்செட் வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீஸ் பையன்கள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு விஆர் ஹெட்செட் வரப்போகிறதாம்; முகத்தில் மாட்டினால் கண்ணெதிரே வேறோர் உலகத்தைக் காட்டும் கருவி. வதந்திப் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு ஒருவன், "இது வந்தா டிவியும் வேணாம், லேப்டாப்பும் வேணாம்" என்றான். மற்றவன், "இந்தக் காசுக்கு ரெண்டு பைக் எடுக்கலாம், எவன் வாங்குவான்" என்றான். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

நான் தயிர்சாதத்தை முடித்துவிட்டுத்தான் பேசினேன். இந்த இரண்டு வசனத்தையும் வெவ்வேறு வருடங்களில் நானே பேசியிருக்கிறேன்; இரண்டிலும் காசு விட்டிருக்கிறேன். தொழிற்சாலைகளுக்கு விஆரில் பாதுகாப்புப் பயிற்சி தயாரிப்பது என் பிழைப்பு. அட்டைப் பெட்டிக்குள் போனைச் செருகிப் பார்த்த காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பது, ஃபேனுக்கு அடியில் நின்று கையைத் தூக்குவது மாதிரியான தவறுகளை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

விலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது

ஆப்பிள் தன் விஷன் ப்ரோ ஹெட்செட்டை 2023 ஜூன் 5 அன்று காட்டியது. விலை 3,499 டாலர் என்றதும் உலகமே சிரித்தது. கையில் கிடைக்க 2024 பிப்ரவரி 2 ஆகிவிட்டது. நடுவில் இருந்த எட்டு மாதமும் பேச்செல்லாம் விலையைப் பற்றித்தான்.

அதே மாதிரி விலையில் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 வந்தது 2019-இல், 3,500 டாலர். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வாங்கியவை நிறுவனங்கள், போட்டவர்கள் தொழிலாளிகள், கணக்குக் கேட்டவர் மேலாளர். ஒரு இயந்திரம் ஒரு மணி நேரம் சும்மா நிற்பதைத் தடுத்தால் அந்தக் காசு வந்துவிடும் என்கிற கணக்கு அது. வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அதனால், "இவ்வளவா?" என்று கேட்பதைவிட, "இந்தக் காசில் எது எனக்கு?" என்று கேளுங்கள். விஷன் ப்ரோவின் உள்ளே இரண்டு சின்னத் திரைகளிலும் சேர்த்து 2.3 கோடி பிக்சல். அது உங்களுக்கு. வெளிப்பக்கம் இன்னொரு திரை இருக்கிறது. எதிரே நிற்பவருக்கு உங்கள் கண்ணைக் காட்டுவதற்கு. அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள், நீங்கள்தான் சுமக்கவும் வேண்டும். பவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் உள்ளே பொருத்தும் லென்ஸுக்குத் தனியாக 149 டாலர்.

டெமோவை நம்புவது

இதைப் பற்றி எழுதும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு டெமோ காட்டிச் சம்பாதித்தவன் நான். அந்த வித்தை எல்லாம் எனக்கு அத்துப்படி. வருகிறவரைச் சுழல்நாற்காலியில் உட்கார வைப்போம். நிற்க வைத்தால் தலை சுற்றும். நடப்பது, ஓடுவது எதுவும் காட்சியில் வராமல் பார்த்துக்கொள்வோம். உடம்பு சும்மா இருக்கக் கண் மட்டும் ஓடினால் வயிற்றைப் புரட்டும். ஏசி நேராக அவர் முகத்தில் படும்படி நாற்காலியைப் போடுவோம். பட்டையை நாங்களே இழுத்து, முடி சிக்காமல் சரிசெய்வோம். ஏழாவது நிமிடம், அவர் "ஐயோ" என்று வாயைப் பிளந்திருக்கும்போதே கழற்றிவிடுவோம். எட்டாவது நிமிடத்தில் நெற்றியில் வியர்வை அரும்பும். அப்புறம் அவர் கேட்கிற கேள்வியே வேறு.

இத்தனையும் தெரிந்த நான் ஒரு கடையில் இருபத்தைந்து நிமிடம் சொகுசு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 1,10,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். முதல் நாள் மூன்று மணி நேரம் கழற்றவே இல்லை. இரண்டாம் நாள் ஒன்றரை மணி நேரம். மூன்றாம் நாள் கன்னத்து எலும்பில் சிவப்பாகத் தடம் விழுந்தது, வீட்டில், "யார்கிட்ட அடி வாங்கின?" என்றார்கள். ஐந்தாம் நாள் ஆபீஸிலிருந்து வந்து சட்டையை மாற்றி, மேசையில் இருந்த அதைப் பார்த்தேன். எழுந்துபோய் எடுக்கத் தோன்றவில்லை. பதினோராம் நாள் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் போனுக்குப் போட்டேன். இப்போது பீரோவின் மேல்தட்டில், பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதில் பழுது ஒன்றுமில்லை. டெமோவில் பார்த்தது எல்லாமே உண்மை. டெமோவில் இல்லாதது எடையும் நாட்களும்தான்.

எடையை எடுத்துக்கொள்வோம். முதலில் வந்த விஷன் ப்ரோ 600 முதல் 650 கிராம். பேட்டரி அதில் சேராது. அது தனியாக 353 கிராம், ஒயரோடு பாக்கெட்டில் கிடக்கும். 600 கிராம் என்றால் மட்டை உரித்த நடுத்தரத் தேங்காய் ஒன்று. அதைத் தலையில் வைத்தால் ஒன்றும் தெரியாது, நம் ஊர்ப் பெண்கள் குடமே வைத்து நடந்தவர்கள். நெற்றிக்கு முன்னால் கட்டினால்தான் தெரியும். கழுத்துக்கு முன்னால் எவ்வளவு தூரம் தள்ளி எடை தொங்குகிறதோ, அவ்வளவுக்குப் பிடரித் தசை பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும்.

2025 அக்டோபரில் அதே 3,499 டாலருக்கு வந்த அடுத்த விஷன் ப்ரோ 750 முதல் 800 கிராம். எடை கூடியிருக்கிறது! புதுப் பட்டையில் டங்ஸ்டன் துண்டுகளைச் செருகி, முன்பக்கப் பாரத்துக்கு எதிர்ப்பாரம் கொடுத்தார்கள். எத்தனை கிராம் என்பதோடு அது எங்கே உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

அடுத்தது கண். ஒரு பொருளைப் பார்க்கும்போது கண் இரண்டு வேலை செய்கிறது. இரண்டு விழிகளும் அதை நோக்கித் திரும்புகின்றன. உள்ளே இருக்கும் லென்ஸ் அந்தத் தூரத்துக்கு ஏற்பக் குவிகிறது. பிறந்ததிலிருந்து இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. இன்று கடையில் கிடைக்கும் ஹெட்செட்டுகளில் குவியும் தூரம் மாறாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டரில் நிற்கும். பட்டாம்பூச்சி மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தால் விழிகள் உள்பக்கம் திரும்பும், லென்ஸ் மட்டும் ஒன்றரை மீட்டரிலேயே இருக்கும். இருபது நிமிடத்துக்குக் கண் இதைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்துக் கழற்றி, தினத்தாளை எடுத்தால் எழுத்து நீந்தும்.

இதெல்லாம் போக, தலை என்று ஒன்று இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் நாற்பது பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனோம். எல்லாருக்கும் கொண்டை, பாதிப் பேருக்கு அதில் பூ. பின்பட்டை உட்கார வேண்டிய இடம் பிடரி மேடு; அங்கே கொண்டை இருக்கிறது. மேலே ஏற்றினால் முன்பக்கம் மூக்கில் இறங்கியது, கீழே இறக்கினால் கழன்று விழுந்தது. ஒரு அம்மா பொறுமையாகக் கொண்டையை அவிழ்த்து, பின்னி முன்னால் போட்டுக்கொண்டு, "இப்ப மாட்டு தம்பி" என்றார். அன்று சாயந்திரம் பார்த்தால் நெற்றிப் பஞ்சு முழுக்கக் குங்குமம், விபூதி, தேங்காய் எண்ணெய். வடிவமைத்தவர் யாரும் யோசிக்காத தலைகள் அவை.

விஷன் ப்ரோ விற்பனைக்கு வந்தபோது கடையில் அரைமணி நேர டெமோ கொடுத்தார்கள். வாங்கினால் திருப்பிக் கொடுக்க 14 நாள் அவகாசம். பிப்ரவரி நடுவில் கெடு நெருங்கியபோது, திருப்பிக் கொடுத்த சிலர் காரணத்தை வெளிப்படையாகவே எழுதினார்கள்: பாரம், தலைவலி, கண்சோர்வு, அதை வைத்துச் செய்ய வேலை இல்லாதது. அவர்களில் பலர் படத்தின் தரத்தை மெச்சிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். என்னைவிடப் புத்திசாலிகள். அந்த 14 நாளைச் சோதனைக் காலமாகப் பயன்படுத்தினார்கள். நான் அதைப் பெட்டி பிரித்த சந்தோஷத்திலேயே ஓட்டினேன்.

எனவே டெமோவுக்குப் போனால் நான் சொல்வதைச் செய்து பாருங்கள். ஏழாவது நிமிடத்தில் கழற்ற வந்தால், "இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். எழுந்து நில்லுங்கள். குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள். அவர்கள் காட்டும் காட்சியை விட்டுவிட்டு, நீங்கள் தினமும் படிக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் படியுங்கள். கடைக்காரர் முகம் மாறும். மாறட்டும்.

வாங்குவது முடிவாகிவிட்டால், முதல் வாரம் தினமும் எத்தனை நிமிடம் போட்டீர்கள் என்று காலண்டரில் பென்சிலால் குறித்து வையுங்கள். முதல் நாளை விடுங்கள். ஆறாம் நாள் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

"ஆப் எல்லாம் பின்னாடி வரும்"

வரலாம். வராமலும் போகலாம். விஷன் ப்ரோ வந்த அன்று நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை மூன்றுக்கும் அதில் ஆப் இல்லை. பிரவுசரில் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. படம் பார்க்கத்தான் இது என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நிலை.

ஆப் வராததாவது பரவாயில்லை. அடித்தளமே போய்விட்டால்? 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், கணினியில் ஹெட்செட்டை ஓட்டும் தன் மென்பொருளான விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியைக் கைவிடுவதாக அறிவித்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது நீக்கப்பட்டது. எச்பி, சாம்சங், லெனோவா என்று பல நிறுவனங்கள் அதை நம்பி ஹெட்செட் விற்றிருந்தன. அந்தப் பதிப்புக்கு மாறிய கணினியில் அவை பேச்சுமூச்சில்லாமல் கிடந்தன. லென்ஸ் நன்றாக இருந்தது, திரை நன்றாக இருந்தது, ஒயரும் நன்றாக இருந்தது. பழைய டிவி என்றால் இப்படி ஆகாது. கேபிளைச் செருகினால் ஏதாவது தெரியும்.

இன்றைக்கு என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.

வெளிநாட்டு மச்சானிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வது

போன், லேப்டாப் என்றால் சரி. முகத்தில் ஒட்ட வேண்டிய பொருளுக்கு இது சரிப்படாது. விஷன் ப்ரோவை ஆர்டர் செய்யும்போதே ஐபோனில் முகத்தை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். ஒளி உள்ளே கசியாமல் முகத்தோடு ஒட்டும் உறை அந்த அளவுப்படி வரும். மச்சான் முகத்தைக் காட்டினால் மச்சான் மூக்குக்கு ஏற்ற உறைதான் வரும். உங்கள் கன்னத்தில் அது உறுத்தும், மூக்கோரம் வெளிச்சம் புகும். முதல் சில மாதம் அது அமெரிக்காவில் மட்டும்தான் விற்றது. 2024 ஜூன் 28-இல் சிங்கப்பூர், ஜப்பான், சீனாவுக்கு வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் கடைக்கே போய்த் தங்கள் முகத்தைக் காட்டி வாங்க முடிந்தது. இங்கே இருந்துகொண்டு சூட்கேஸில் வரவழைத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் 14 நாளில் பாதி விமானத்திலும் கஸ்டம்ஸிலும் போய்விடும். மீதிப் பாதியில் திருப்பி அனுப்ப யாரைப் பிடிப்பது?

முதலீடு என்று நினைப்பது

செலவு. மெட்டாவின் க்வெஸ்ட் ப்ரோ ஹெட்செட் 2022 அக்டோபரில் 1,500 டாலர். 2023 மார்ச்சில் 1,000.

ஜன்னலோரம் வைப்பது

வெயில் லென்ஸுக்குள் இறங்கினால் திரை பொசுங்கும்.

"4கே" என்ற சொல்லில் மயங்குவது

மொத்தப் பிக்சலைக் கேட்காதீர்கள், பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) எத்தனை பிக்சல் என்று கேளுங்கள். குறையில்லாத கண்ணுக்குச் சுமார் 60 வேண்டும். மெட்டாவின் க்வெஸ்ட் 3 தருவது 25. லேப்டாப்புக்கு மாற்று என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போட்டே பார்க்காமல் "குப்பை" என்பது

இது எதிர்முகாம் செய்யும் தவறு. க்வெஸ்ட் ப்ரோ விலை சரிந்தபோது, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதே வருடம் எங்களுக்கு ஒரு வேலை வந்தது: ஆலைத் தொழிலாளிக்குத் தீயணைப்பான் பிடிக்கச் சொல்லித்தர வேண்டும். நிஜத் தீ மூட்டிக் காட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஹெட்செட்டில் செய்தோம். தீயணைப்பானின் பாதுகாப்புப் பின்னை இழுக்க மறப்பவர்கள், தீயின் அடியில் பீய்ச்சாமல் சுவாலையில் பீய்ச்சுபவர்கள் எல்லாரும் முதல் தடவையிலேயே மாட்டிக்கொண்டார்கள். வகுப்பில் படம் போட்டுக் காட்டியபோது எல்லாரும் தலையாட்டியவர்கள்தான்.

அந்தப் பயிற்சி ஒருவருக்கு எட்டு நிமிடம். எட்டு நிமிடம் என்பதால்தான் அது ஓடுகிறது.

பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிவியும் வேண்டாம் லேப்டாப்பும் வேண்டாம் என்றவனிடம், வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீஸில் இருந்த பழைய ஹெட்செட் ஒன்றைக் கொடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ தம்பி, ரெண்டு நாள் முழுக்கப் போடு" என்றேன். திங்கட்கிழமை பையோடு வந்து மேசையில் வைத்தான். நெற்றிப் பஞ்சில் புது எண்ணெய்த் தடம்.

"எவ்ளோ நேரம் போட்ட?"

"ஒன்னே முக்கா மணி நேரம் இருக்கும்ணா."

"ரெண்டு நாள்லயா?"

"அதுல ஒரு மணி நேரம் தங்கச்சி."