மின் மீட்டரின் சிவப்பு விளக்கே இயற்பியல் ஆய்வகம்

ஆற்றல் சிக்கனத்தை அறிவுரையாகச் சொல்வதைவிட மாணவர்களே அளந்து பார்க்கும்படி செய்வது மிகுந்த பயன் தரும். அதற்குக் கைப்பேசியும் வீட்டு மின் மீட்டரும் போதும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 எனில், ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆகையால், ஒவ்வொரு மின்னலும் 1125 ஜூலைக் குறிக்கும்.

மற்ற சாதனங்களை அணைத்துவிட்டு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, விளக்கைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிந்து, இரு மின்னல்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். 15 நொடி எனில், 1125 ஜூலை 15 நொடியால் வகுக்க, திறன் 75 வாட். பழைய விசிறிகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். பி.எல்.டி.சி. எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிரஷ் இல்லா மோட்டார் கொண்ட விசிறியில் அந்த இடைவெளி ஏறத்தாழ 40 நொடியாக நீளுவதை மாணவர் கண்ணால் காணும்போது, திறன் என்பது வெறும் சூத்திரமாக இருப்பதில்லை. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 17 யூனிட் மிச்சமாகும் என்பதை விரிதாளில் அவர்களே கண்டறிவார்கள்.

காத்திருப்பு நிலையில் விடப்பட்ட செட்டாப் பாக்ஸையும் தவறாமல் அளக்கச் செய்யுங்கள். 225 நொடிக்கு ஒரு மின்னல் என்றால், யாரும் பார்க்காத நேரத்திலும் 5 வாட் செலவாகிறது. மீட்டரைத் தொடாமல், பெரியவர் ஒருவர் உடனிருக்கவே இதைச் செய்ய வேண்டும்.