வேலை தேடும் மலையகப் பட்டதாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆட்சேர்ப்புப் பகுதியில் வேலை செய்கிறேன். பேராதனை, பதுளை, கொழும்பு என்று படித்து முடித்து ஊர் திரும்பும் தம்பி தங்கச்சிமாரின் சுயவிபரக்கோவைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. எங்கள் செட் பட்டம் முடித்து வந்தபோது தடுமாறிய அதே இடங்களில்தான் இப்போது வருகிறவர்களும் தடுமாறுகிறார்கள். எழுத்துப்பிழை, நேரத்துக்குப் போகாமை, கசங்கிய சட்டை இதையெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

“அனுபவம் இல்லை” என்று தாங்களே எழுதிக்கொள்வது

பொகவந்தலாவைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி கொண்டுவந்த சுயவிபரக்கோவையில் அனுபவம் என்ற பகுதி வெறுமையாக இருந்தது. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் கிடைக்கும்வரை என்ன செய்தாய் என்று கேட்டேன். தோட்டத்தில் தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாளாம். பெற்றோரிடம் காசு சேர்த்து, போட்டோகொப்பிச் செலவு போக மீதிக்குக் கணக்கு வைத்ததும் அவள்தான். “அதெல்லாம் வேலையா அக்கா?” என்று கேட்டாள்.

வேலைதான். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு காலம், என்ன பொறுப்பு, அதை உறுதிப்படுத்தக்கூடியவர் யார் என்று நாலு வரியில் எழுதச் சொன்னேன். இறுதியாண்டு ஆய்வுக்காக லயம் லயமாக (தோட்டத்து வரிசை வீடுகள்) வினாக்கொத்தோடு அலைந்தவர்களும் அதைத் தலைப்போடு நிறுத்திவிடுகிறார்கள். நுண்கடன் நிறுவனமோ தொண்டு நிறுவனமோ முதல் வேலைக்கு எதிர்பார்ப்பது அந்தக் கள அனுபவத்தைத்தான். எத்தனை வீடுகளுக்குப் போனீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அரச நியமனத்துக்காக ஈ.பி.எஃப்.க்குப் பயந்து உட்கார்ந்திருப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஈ.பி.எஃப். என்றால் ஊழியர் சேமலாப நிதி, தனியார் வேலையில் சேர்ந்தால் நம் பெயரில் திறக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு. அதைப் பற்றிய பயம் சும்மா வந்ததல்ல. 2020இல் அரசாங்கம் பல்லாயிரம் பேரைப் பட்டதாரிப் பயிலுநர்களாக எடுத்தது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. பெயரில் ஈ.பி.எஃப். கணக்கு இருந்தவர்களை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்று முதலில் ஒதுக்கினார்கள். அப்புறம் எதிர்ப்பு, மேன்முறையீடு என்று இழுபட்டது. “கம்பனியில் சேர்ந்தால் பேர் ஈ.பி.எஃப்.பில் ஏறிவிடும், கவர்மென்ட் வேலை போய்விடும்” என்ற பேச்சு அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு நிற்கிறது. கொழுந்து பறித்துப் படிக்க வைத்த அம்மா, பிள்ளைக்குப் பென்சன் உள்ள உத்தியோகம் வேண்டும் என்று நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 2022 நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுகிப்போனது. அடுத்த மொத்த நியமனம் எப்போது வரும், என்ன நிபந்தனையோடு வரும் என்று இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்னும் வெளிவராத வர்த்தமானிக்குப் (அரச அறிவித்தல் இதழ்) பயந்து கைக்கு வந்த வேலையை விடுகிறார்கள்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தம்பி ஒருவர், வணிகமாணி (பி.கொம்.) பட்டதாரி. பட்டம் முடித்த கையோடு கண்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநர் இடம் கிடைத்தது. ஈ.பி.எஃப். வெட்டுவார்கள் என்று போகவில்லை. மூன்று வருடம் கழித்து எங்கள் நேர்முகப் பரீட்சைக்கு வந்தார். “இந்த மூன்று வருடம் என்ன செய்தீர்கள்?” என்று முகாமையாளர் கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அன்று தெரிவானது அந்த வருடம்தான் பட்டம் முடித்த ஒரு பிள்ளை. தம்பியின் பெறுபேறு அந்தப் பிள்ளையுடையதை விட நன்றாகவே இருந்தது. புதிதாக வருகிறவருக்குப் பழக்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிற முகாமையாளர், மூன்று வருட இடைவெளியைக் கண்டால் சந்தேகப்படுகிறார். அது நியாயமில்லை என்று அந்த அறையிலேயே வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்துவிட்டு, “சேர், எனக்கு ஈ.பி.எஃப். வெட்டாதீங்க” என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். முதலாளிக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? ஈ.பி.எஃப்.புக்கு உங்கள் சம்பளத்திலிருந்து போவது 8 வீதம், முதலாளி போட வேண்டியது 12 வீதம். ஈ.டி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், அது முழுக்க முதலாளியின் காசு. 40,000 ரூபா சம்பளம் என்றால் முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 6,000 ரூபா, வருடத்துக்கு 72,000. அவ்வளவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். ஈ.பி.எஃப். 1958ஆம் ஆண்டின் சட்டப்படியும், ஈ.டி.எஃப். 1980ஆம் ஆண்டின் சட்டப்படியும் முதலாளியின் கடமை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் அந்தக் கடமை நீங்காது.

போகிறது காசு மட்டுமில்லை. நுவரெலியாவில் ஒரு வியாபார நிலையத்தில் இரண்டு வருடம் கணக்கு எழுதிய பிள்ளை ஒருத்தி, வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கச் சேவைக் கடிதம் கேட்டாள். “உங்கட பேரே எங்கட பதிவில இல்லையே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சம்பளச் சிட்டை இல்லை, ஈ.பி.எஃப். இலக்கம் இல்லை. இரண்டு வருட உழைப்பு இருந்தும், அவள் மறுபடி அனுபவம் இல்லாத பட்டதாரியாகத்தான் வரிசையில் நின்றாள்.

அரச வேலைக்கு ஆசைப்படுங்கள், விண்ணப்பியுங்கள். அதை வேலை செய்துகொண்டே செய்யுங்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வருகிறது. திறந்த போட்டிப் பரீட்சை எழுதித் தெரிவாகும் பதவிகளுக்குத் தனியார் வேலை தடையில்லை. நிபந்தனை என்ன என்பதை வர்த்தமானியில் நீங்களே வாசியுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல்பதிவை நம்பி ஒரு வேலையை விடாதீர்கள்.

லயத்து முகவரி

வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்ட ஆப்பீசுக்குப் போய், கை மாறி வீட்டுக்கு வரும்போது நேர்முகத் தேதி கடந்திருக்கும். பல தலைமுறையாக இருக்கும் அநியாயம் இது. அது தீரும்வரை, டவுனில் கடை வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்டு, அந்த முகவரியைக் கொடுங்கள். சிக்னல் கிடைக்காத தோட்டம் என்றால் இரண்டாவது தொலைபேசி இலக்கம் கட்டாயம். அது அப்பாவின் இலக்கமாக இருந்தால், எந்தெந்தக் கம்பனிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். அழைத்தவருக்கு “தெரியாத நம்பர்” என்று வைத்துவிட்ட அப்பாக்கள் நிறையப் பேர்.

“சிங்களம்: சரளம்”

பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் பேசிப் பழகிய சிங்களம் நல்ல மூலதனம். ஆனால் அதை அப்படியே “சரளம்” என்று எழுதினால், நேர்முகத்தில் ஒரு படிவத்தை நீட்டி வாசிக்கச் சொல்வார்கள். பேசுவேன், மெதுவாக வாசிப்பேன், எழுதப் பழகுகிறேன் என்று உள்ளதை எழுதுங்கள். அப்படி எழுதியவர்களை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

தொழிற்சங்கத் தலைவரின் சிபாரிசுக் கடிதம்

தனியார் நிறுவனத்துக்குக் கொண்டு வராதீர்கள்.

காசு கேட்கும் வேலை

அது வேலை இல்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்காமல் போடும் பெயர்கள்

உங்களைப் பற்றி விசாரிக்க இரண்டு பேரின் பெயர் கேட்பார்கள். விரிவுரையாளரின் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் அழைக்கும்போது “யார் அது?” என்று அவர் கேட்டால் விண்ணப்பம் அத்தோடு நின்றுவிடும்.

கொழும்பு நேர்முகத்துக்கு விடியற்காலை பஸ்

மழைக்காலத்தில் கினிகத்தேனைக்கும் கித்துள்கலைக்கும் இடையில் மண் சரிந்தால் பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்தால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். முடியாவிட்டால் அழைப்புக் கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தைப் போனில் பதிந்து வையுங்கள். பாதை அடைபட்டதும் அங்கிருந்தே அழைத்துச் சொல்லி, வேறு நேரம் தரமுடியுமா என்று கேளுங்கள்.